குடும்பக் கணக்கு: இருபது குஞ்சுகளும் ஒரு குப்பி மருந்தும்

சென்ற திங்கள் இப்பகுதியில் மளிகைச் செலவைக் குறைக்கும் வழிகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் ஒருவர், "அரிசி, பருப்பு, எண்ணெய் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டு, இறைச்சிச் செலவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் நழுவிவிட்டீர்களே! வீட்டுக் கொல்லையில் கோழி வளர்த்தால் மிச்சமாகுமா, ஆகாதா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். அவர் கேள்வி நியாயமானது. நாம் நழுவியதும் உண்மையே. இந்தப் பொருளில் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நாம். அந்தக் கதையைச் சொல்லாமல் கணக்கை மட்டும் சொன்னால் அது பாதிக் கணக்காகவே இருக்கும். சொல்வதற்கோ நாணமாக இருந்தது. கேட்டுவிட்ட பிறகு மறைப்பது முறையன்று. ஆகவே முழுவதையும் எழுதுகிறோம். புலால் உண்ணாத அன்பர்கள் இத்திங்கள் மட்டும் நம்மைப் பொறுத்தருள வேண்டும். அடுத்த திங்கள் கீரைப் பாத்தியைப் பற்றி எழுதி அவர்களுக்கு ஈடு செய்துவிடுவோம்.

நாம் இருப்பது கரக்பூர் இரயில்வே குடியிருப்பில். வங்காள நாகபுரி இரயில்வே என்ற பெயரில் இத்தடங்கள் ஓடிய காலந்தொட்டே தெற்கிலிருந்து வந்து இங்கே வேர்விட்ட குடும்பங்கள் பல. தமிழும் தெலுங்கும் வங்கமும் ஒடியாவும் இந்தியும் ஒரே குழாயடியில் கேட்கும் ஊர் இது. நம் வேலை பார்சல் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. அதற்கு மேல் கற்றதெல்லாம் பேரேட்டிலும் பற்றுச் சீட்டிலுமே.

கோழி ஆசை நமக்கு வந்ததும் அந்த அலுவலகத்தில்தான். பக்கமெல்லாம் துளையிட்ட அட்டைப் பெட்டிகளில் ஒரு நாள் குஞ்சுகள் வரும். பெட்டிக்கு நூறு குஞ்சுகள். உள்ளே நான்கு அறைகள். மேடை முழுவதும் கீச்சுக் கீச்சென்ற ஒலி பரவும். தீனியும் நீரும் இன்றி இவை எப்படி இவ்வளவு தொலைவு வருகின்றன என்று முன்பெல்லாம் வியப்போம். முட்டையின் மஞ்சள் கருவில் எஞ்சிய பகுதியைக் குஞ்சு பொரிவதற்குச் சற்று முன்னர் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது; அந்தக் கட்டுச்சோறு இரண்டு மூன்று நாட்களுக்குத் தாங்கும் என்று பின்னர் அறிந்தோம். ஊரைவிட்டு வரும்போது புளிச்சோற்று மூட்டையோடு வண்டியேறிய நம்மவர்க்கு இது விளங்காத செய்தியன்று.

முதற் கணக்கு

2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் 20 இறைச்சிக் கோழிக் குஞ்சுகளை வாங்கினோம். பிராய்லர் என்று நாம் எல்லோரும் சொல்லும் வகை. குஞ்சு ஒன்று 40 ரூபாய். கொல்லையில் நான்கடிக்கு ஐந்தடி அளவில் ஓர் இடத்தை மறைத்து, உமி பரப்பி, விளக்குத் தொங்கவிட்டோம். ஆறு வாரத்தில் ஒவ்வொன்றும் இரண்டு கிலோ தேறும், நாற்பது கிலோக் கோழி நம் கையில் இருக்கும் என்று மனக்கோட்டை கட்டினோம்.

குஞ்சு வந்த ஐந்தாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும் என்று கேள்விப்பட்டு மருந்துக் கடைக்குச் சென்றோம். "மிகச் சிறிய குப்பியே 100 கோழிக்கானது. உடைத்துக் கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மிச்சத்தை வைத்திருக்க முடியாது" என்றார் கடைக்காரர். விலை 90 ரூபாய். பாதி காலியாகச் செல்லும் பார்சல் பெட்டியைக் கண்டாலே வயிறு எரியும் ஆள் நாம். 20 குஞ்சுகளுக்காக 80 குஞ்சுகளின் மருந்தைச் சாக்கடையில் கொட்டுவதா என்று தோன்றியது. அன்றிரவு திருநெல்வேலிப் பக்கத்தில் இருக்கும் நம் தாயாரிடம் தொலைபேசியில் கேட்டோம். "கோழிக்கு எதுக்குடா தண்டச் செலவு? கூடையப் போட்டு மூடினா தானா வளருது" என்றார். அது போதும் என்று வெறுங்கையோடு இருந்துவிட்டோம். கோடை வந்தால் நம் தெருவில் வீட்டுக்கு வீடு கோழிகள் கழிச்சல் கண்டு சாய்ந்ததையும், மிஞ்சிய ஒன்றிரண்டை வைத்து மறுபடியும் தொடங்கியதையும் தாயாரும் மறந்திருந்தார், நாமும் நினைவுகூரவில்லை.

இருபத்து நான்காம் நாள் காலை ஒரு கோழி தனியே ஒதுங்கி, சிறகு தொங்க நின்றது. மாலையில் மூன்று. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். வாயைத் திறந்து மூச்சு வாங்கின. சிலவற்றின் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. இருபத்தொன்பதாம் நாள் முடிவதற்குள் 14 கோழிகள் போய்விட்டன.

அக்கம்பக்கத்தார் அஞ்சினர். அவர்கள் அச்சம் வீணன்று. இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக 2006-இல் மராட்டிய மாநிலத்து நவாப்பூரில் கண்டது. 2008 ஜனவரியில் இதே வங்கத்தில் பரவியபோது, அதிகாரிகள் வீடு வீடாக வந்து இலட்சக்கணக்கான கோழிகளை அழித்தார்கள். அதைக் கண்ணால் கண்டவர் பக்கத்து வீட்டு வங்காள அம்மையார். அவர்தாம் அரசுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்பியவரும். மருத்துவர் வந்து செத்த கோழி ஒன்றை அறுத்து, இரைப்பையில் இரத்தப் புள்ளிகளைக் காட்டினார். மாதிரியையும் ஆய்வுக்கு அனுப்பினார். பறவைக் காய்ச்சல் இல்லை என்றும், வந்தது வெள்ளைக் கழிச்சல் என்றும் முடிவு வந்தது. இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட் என்னும் ஊரின் பெயரால் நம் நாட்டில் வழங்கும் நோய் அது. வந்தபின் அதற்கு மருந்து இல்லை. வருமுன் காக்க மட்டுமே மருந்து உண்டு. "சொட்டு மருந்து விட்டீர்களா?" என்று அவர் கேட்டார். நாம் தலையைக் குனிந்துகொண்டோம்.

கொல்லையின் மூலையில் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் நம் மகள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்த மருந்து கடையில இருந்துச்சா?"

"இருந்தது அம்மா."

"அப்புறம் ஏன் வாங்கல?"

அந்தக் கேள்விக்கு இன்றும் நம்மிடம் நேரான விடை இல்லை. கணக்கு மட்டுமே இருக்கிறது. குஞ்சு 800 ரூபாய், தீவனம் 42 கிலோவுக்கு 1,764, உமி, விளக்கு, கம்பி 350, மின்சாரம் 140, ஆக 3,054 ரூபாய். நோய் தொடாமல் நின்ற 6 கோழிகள் பின்னர் 10.8 கிலோ தேறின. உயிர் எடைக்குக் கிலோ 283 ரூபாய் விழுந்தது. அன்று சந்தையில் உயிர்க்கோழி கிலோ 130. புதைத்த 14 கோழிகளும் வளர்ந்திருந்தால் சந்தை விலைக்கு 3,640 ரூபாய் பெறும். 90 ரூபாயை மிச்சம் பிடித்து அவ்வளவையும் மண்ணில் இட்டோம்.

ஐந்து வீடுகள்

அதன்பின் எட்டுத் திங்கள் கோழிப் பேச்சையே எடுக்கவில்லை. அந்த இடத்தைச் சுரண்டிக் கழுவி, வெள்ளையடித்து, வெயில் காய விட்டோம். துர்கா பூசை கழிந்த ஒரு நாள் அந்த வங்காள அம்மையார் வந்தார். நம்மைத் தாதா என்றும், நம் இல்லாளைப் பௌதி என்றும் அழைப்பவர். அவர்கள் மொழியில் அவை அண்ணன், அண்ணி முறைகள். "தாதா, குப்பி நூறு கோழிக்கானது என்றால் நூறு கோழியைச் சேர்ப்பதுதானே வழி? இந்த வரிசையில் கோழி வளர்க்க ஆசைப்படும் வீடுகள் ஐந்து இருக்கின்றன. நீங்கள் ஒருவரிடமும் கேட்கவில்லையே" என்றார்.

உண்மைதான். பத்து ஆண்டுகளாக ஒரே வரிசையில் குடியிருக்கிறோம். பண்டிகைக்குப் பலகாரம் மாற்றிக்கொள்வோம். ஆனால் செலவைச் சேர்ந்து செய்யலாம் என்று யாரிடமும் நாம் வாய் திறந்ததில்லை. வெளியூரில் பிழைக்க வந்தவனுக்கு ஒரு வீம்பு உண்டு. தன் தட்டுப்பாடு தன் கதவுக்குள்ளேயே இருக்கட்டும் என்று அடைத்துக்கொள்வான். அந்த வீம்பும் அந்தக் குழியில் ஒரு பங்கு என்றே கொள்கிறோம்.

2023 நவம்பரில் ஐந்து வீடுகள் கூடின. நம் வீடு, பணிமனையில் வேலை செய்யும் இன்னொரு தமிழர் வீடு, தெலுங்கர் வீடு ஒன்று, ஒடியர் வீடு ஒன்று, அந்த அம்மையார் வீடு. வீட்டுக்கு 20 குஞ்சுகள். சரியாக ஒரு பெட்டி. பெட்டியாக வாங்கியதால் குஞ்சு 36 ரூபாய்க்குக் கிடைத்தது. தீவனத்தையும் மூட்டையாக வாங்கிப் பங்கிட்டதில் கிலோ 42 என்பது 40 ஆயிற்று.

ஐந்தாம் நாள் மாலை அனைவரும் தத்தம் குஞ்சுகளைக் கூடையில் கொண்டுவந்தார்கள். பனிக்கட்டி நிரப்பிய குடுவையில் குப்பி இருந்தது. ஒருவர் பிடிக்க, ஒருவர் கண்ணில் ஒரு சொட்டு விட, பிள்ளைகள் எண்ணினார்கள். தமிழ்க் கோழி தெலுங்கில் கோடி, வங்கத்தில் முர்கி, ஒடியாவில் குகுடா. எண்ணிக்கையும் அவ்வாறே நான்கு மொழிகளில் ஏறிச் சென்றது. நூறு குஞ்சுகளுக்கும் மருந்து விட ஒரு மணி நேரம் ஆகவில்லை. மிச்சமென்று குப்பியில் ஏதும் இருக்கவில்லை.

இரண்டாம் கணக்கு

நாற்பது நாட்களில் நம் வீட்டில் ஒரு குஞ்சு போயிற்று. 19 கோழிகள் 38 கிலோ தேறின. செலவு இது: குஞ்சு 720; தீவனம் 65 கிலோவுக்கு 2,600; உமி 100; மருந்தும் பனிக்கட்டியும் நம் பங்கு 70; மின்சாரம் 175. ஆக 3,665 ரூபாய். கிலோவுக்கு ஏறத்தாழ 96 ரூபாய். சந்தை விலையான 130-ஐ வைத்துப் பார்த்தால் 1,275 ரூபாய் மிச்சம். நம் உழைப்புக்குக் கூலி போடவில்லை.

இதிலிருந்து அன்பர் கேட்டதற்கு விடை கிடைக்கிறது. மிச்சமாகும், ஆனால் பெருமிச்சம் இல்லை. கோழி வளர்த்துச் செல்வராகலாம் என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டா. செலவில் 100-க்கு 71 பங்கு தீவனத்துக்கே போகிறது. மருந்தின் பங்கு 100-க்கு 2 கூட இல்லை. அந்த இரண்டைக் குறைக்கப் போனவன் அனைத்தையும் இழப்பான். தீவனத்தில் கைச்சிக்கனம் காட்டுபவனே மிச்சம் காண்பான்.

செய்யும் முறை

முதலில் உங்கள் குடியிருப்பிலும் நகராட்சியிலும் கோழி வளர்க்க இசைவு உண்டா என்று கேட்டறியுங்கள். அடுத்த வீட்டாரையும் கேளுங்கள். பிராய்லர், சேவல் கூவும் பருவத்துக்கு முன்பே அடுப்புக்கு வந்துவிடுவதால் விடியற்காலைச் சண்டைக்கு இடமில்லை. நாற்றம் எழாமல் பார்த்துக்கொள்வது மட்டும் நம் பொறுப்பு.

இடம்: கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடி. தரையில் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு நெல் உமியோ, தச்சுப் பட்டறையின் மரச்சீவலோ பரப்ப வேண்டும். அதைத் தினமும் கிளறிவிட வேண்டும். ஈரமான பகுதியை உடனே எடுத்துவிட வேண்டும். ஈரக் கூளத்தில்தான் இரத்தக் கழிச்சல் பிறக்கிறது. தண்ணீர்த் தட்டைச் சுற்றிச் சிந்தும் நீரே அதற்குத் தாய்.

வெப்பம்: முதல் வாரம் குஞ்சின் மட்டத்தில் 95 பாகை பாரன்ஹீட் வேண்டும். பின்னர் வாரத்துக்கு 5 பாகை வீதம் குறைக்கலாம். குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட் என்று கணக்கிட்டு, இழை எரியும் பழைய வகைக் குண்டு விளக்கைப் போடுங்கள். எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தரும். குஞ்சு குளிரில் விறைத்துக்கொண்டிருக்கும். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சுகளே அளவைச் சொல்லும். விளக்கடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் குளிர். ஓரங்களுக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. எங்கும் பரவி மேய்ந்தால் சரி. தடுப்பு அட்டையை வட்டமாக வளைத்து வையுங்கள். மூலை இருந்தால் இரவில் அங்கே குவிந்து நசுங்கிச் சாகும். இங்குள்ள ஏப்ரல், மே வெயிலில் மட்டும் வளர்ந்த பிராய்லர் இருக்கும்படி தொடங்க வேண்டா. உடல் பருத்த அந்தப் பறவை கடுஞ்சூட்டைத் தாங்காது.

தண்ணீர்: தின்னும் தீவனத்தின் எடையைப்போல ஏறத்தாழ இரு மடங்கு குடிக்கும். தட்டைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள்.

தீவனம்: தொடக்கத்தில் புரதம் மிகுந்த ஸ்டார்ட்டர், பின்னர் ஃபினிஷர். ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோத் தீவனம் செல்லும். செலவைக் குறைக்கிறேன் என்று பிராய்லருக்குத் தவிட்டைக் கலந்து போட்டால் வயிறு நிறையும், எடை ஏறாது. நாள் நீண்டு செலவு கூடும். மிச்சம் வேறிடத்தில் இருக்கிறது. தீனித் தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருக்குமாறு வாரந்தோறும் உயர்த்துங்கள். தொட்டியை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டா. நிரம்பிய தொட்டியில் கோழி தின்பதைவிடச் சீய்த்து இறைப்பதே மிகுதி. மூட்டையைப் பலகை மேல் வைத்து எலிக்கும் ஈரத்துக்கும் காப்பாற்றுங்கள். பூசணம் பூத்த தீவனம் நஞ்சு; சிறிதளவாயினும் கொட்டிவிடுங்கள்.

மருந்து: ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் வெள்ளைக் கழிச்சலுக்கு லசோட்டா, கண்ணில் ஒரு சொட்டு. பதினான்காம் நாளையொட்டிக் கம்போரோ நோய்க்கானது. நான்காம் வாரத்தில் லசோட்டா மறுமுறை. இதைக் குடிநீரில் தரலாம். குழாய் நீரில் உள்ள குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். ஆகவே கிணற்று நீரிலோ, காய்ச்சி ஆறிய நீரிலோ, லிட்டருக்கு ஐந்தாறு கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கரைத்து, அதன்பின் மருந்தைக் கலக்க வேண்டும். அதற்கு முன் ஒரு மணி நேரம் கோழிக்குத் தண்ணீர் வைக்காதீர்கள். தாகத்தில் விரைவாகக் குடித்துவிடும். உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் நாள்களைச் சற்று மாற்றிச் சொன்னால் அவர் சொற்படியே செய்யுங்கள். குப்பி கடையிலிருந்து வீடு வரும்வரை பனிக்கட்டியில் இருக்க வேண்டும். வெயிலில் சட்டைப்பையில் வந்த மருந்து வெறும் தண்ணீர்.

ஐந்து வீடுகள் சேர்ந்தால் நன்மையோடு ஒரு தீமையும் சேரும். ஒரு வீட்டு நோய் ஐந்து வீட்டுக்கும் செருப்பில் ஏறிச் செல்லும். ஆகவே கோழி இருக்கும் இடத்துக்குத் தனிச் செருப்பு; பிறர் கொட்டிலுக்குள் நுழைவதில்லை; பழைய கோழிகள் இருக்கும்போது புதுக் குஞ்சுகளைச் சேர்ப்பதில்லை; ஒரு தொகுதி முடிந்தால் கழுவி வெள்ளையடித்து இரண்டு வாரம் சும்மா விடுதல் என்று நாங்கள் ஐவரும் கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். கோழிகள் திடீரென்று பலவாகச் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், சமைக்காதீர்கள், குப்பையில் எறியாதீர்கள், மருத்துவருக்குச் சொல்லுங்கள். மறைப்பவன் தெருவுக்கே தீங்கு செய்கிறான்.

தீவனம் வாங்க இயலாதவர்க்கு

பிராய்லர் என்பது விலைத் தீவனத்தை இறைச்சியாக்கும் இயந்திரம். சோற்றுப் பருக்கையையும் காய்கறிக் கழிவையும் கொடுத்து வளர்க்க விரும்புவோர்க்கு அது ஏற்றதன்று. அவர்களுக்கு நாட்டுக்கோழியோ, கொல்லையில் மேய்வதற்கென்றே உருவாக்கிய இனங்களோ பொருந்தும். ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககத்தின் வனராஜா, பெங்களூரின் கிரிராஜா, சென்னையில் உருவான நந்தனம் இனங்கள் ஆகியவை இவ்வகை. மத்தியப் பிரதேசத்தில் வாழும் அன்பர்கள் ஜாபுவா மாவட்டத்துக் கடக்நாத் கருங்கோழியை அறிந்திருப்பார்கள். 2018-இல் அது புவிசார் குறியீடு பெற்றது. இவை மெல்ல வளரும். வனராஜா ஒன்றரைக் கிலோ வர மூன்று திங்கள் ஆகலாம். நாட்டுக்கோழிக்கு ஐந்தாறு திங்கள் வேண்டும். முதல் ஆறு வாரம் இவற்றுக்கும் நல்ல தீவனமும் விளக்கும் மருந்தும் தேவை. மேய்ச்சலுக்கு நிலம் வேண்டும். நாய்க்கும் கீரிக்கும் காவலும் வேண்டும். உப்பு மிகுந்த குழம்பு மிச்சத்தை இவற்றுக்கு வைக்காதீர்கள்.

ஊசி, மருந்துப் பேச்சு

பிராய்லருக்கு வளர்ச்சி ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சு நம்மவரிடம் பரவலாக உண்டு. நாம் ஓர் ஊசியும் போடாமலே நாற்பது நாளில் இரண்டு கிலோ வந்ததைக் கண்டோம். பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துச் செய்த இனவிருத்தியும் நிறைந்த தீவனமுமே அதன் காரணம். ஆனால் நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்துகளைத் தேவையின்றித் தீவனத்தில் கலப்பது மெய்யான தீங்கு. மனிதர்க்கு இறுதி மருந்தாகக் கருதப்படும் கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது. சத்துப்பொடி என்று பெயர் சொல்லித் தருவதையெல்லாம் வாங்காதீர்கள். மருத்துவர் மருந்து கொடுத்திருந்தால், எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கில் ஏறாதவை

அறுப்பதற்கு எட்டுப் பத்து மணி நேரம் முன்னரே தீவனத்தை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வையுங்கள். பழக்கமில்லாத கையால் அறுப்பது கோழிக்கும் துன்பம், நமக்கும் துன்பம். கூலி கொடுத்துத் தேர்ந்தவரிடம் விடுவதே நன்று. இரண்டு கிலோக் கோழியில் சுத்தம் செய்த இறைச்சி ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும்.

பிள்ளைகளிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடுங்கள். நாம் சொல்லவில்லை. நாட்காட்டியில் நாற்பதாம் நாளுக்கு வட்டமிட்டிருந்ததைப் பார்த்து, "அன்னிக்கு என்ன அப்பா?" என்று மகள் கேட்டபோதுதான் சொன்னோம். அவள் அழவில்லை. "அதுவரைக்கும் நல்லா வச்சுக்கணும்" என்று சொல்லிவிட்டு, அன்றுமுதல் தண்ணீர்த் தட்டைத் தேய்க்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். நாற்பதாம் நாள் இரவு அவள் இரசம் சோறு உண்டாள். நாம் வற்புறுத்தவில்லை. மறுவாரம் கேட்டு உண்டாள். இன்றும் ஐந்தாம் நாள் மாலைகளில் கண்ணில் சொட்டு விடுபவள் அவளே. பெரியவர்கள் பிடித்துக்கொடுக்க, ஒன்றையும் தவறவிடாமல் எண்ணி விடுவாள்.

அன்பர் கேட்டது மிச்சமாகுமா என்று. 1,275 ரூபாய் மிச்சமாயிற்று என்று பேரேட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டோம். அதன்பின் அந்த ஐந்து வீடுகளும் தீவன மூட்டையோடு நிற்கவில்லை. அரிசி மூட்டை, உருளைக்கிழங்கு மூட்டை, பிள்ளைகளின் குறிப்பேடுகள் என்று சேர்ந்து வாங்கத் தொடங்கிவிட்டோம். அவற்றின் கணக்கைப் பின்னொரு திங்கள் எழுதுகிறோம்.

உங்கள் வரிசையில் யாரெல்லாம் கோழி வளர்க்க ஆசைப்படுகிறார்கள் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றுக் கேட்டுப் பாருங்கள். குஞ்சு வாங்குவது அதன் பிறகு இருக்கட்டும். கேட்டவுடன் எத்தனை வீடுகள் கூடின என்பதை நமக்கு எழுதுங்கள்.